தலைப்பாகைக் கதையும் தஸ்தாவேஜும்

பதுளைக்குப் புகையிரதத்தில் பிரயாணம் செய்தோர் தெமோதரையை மறந்திருக்க மாட்டார்கள். நிலையத்தை விட்டுப் புறப்பட்ட வண்டி, குன்றைச் சுற்றி வளைந்து இறங்கி, சற்று முன் தான் நின்ற அதே நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தினுள் நுழைந்து செல்கிறது. இவ்விந்தையைக் காணும் பிள்ளைகள், “இதனை யார் கண்டுபிடித்தார்?” என்று கேட்பார்கள். பெரியவர்களும் தயங்காமல் ஒரு கதை சொல்வார்கள். செங்குத்தான மலையிலிருந்து பாதையை இறக்கும் வகை தெரியாமல் எஞ்சினியர் திகைத்து நின்றாராம். அருகே தோட்டத்துக் கங்காணி ஒருவர் தமது தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டினாராம். ஒரு சுற்றின்மேல் மறு சுற்றாக அது அமைவதைக் கண்ட எஞ்சினியருக்கு வழி புலப்பட்டதாம்.

கதை அழகியது, கேட்போர் நெஞ்சுக்கு இனியது. ஆயினும் இதனைச் சரித்திரம் என்று எழுதலாமா என்பதே நமது கேள்வி. பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924-ம் ஆண்டில். ஏறிய பாதை தன்னையே சுற்றிக் கடக்கும் வித்தை அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே உலகுக்குத் தெரிந்திருந்தது. இந்தியாவில் 1881-ல் முடிந்த டார்ஜிலிங் மலைப் பாதையிலும், சுவிற்சர்லாந்தில் 1882-ல் திறக்கப்பெற்ற கொத்தார்ட் பாதையிலும் அதனைக் காணலாம். ஆகவே எஞ்சினியர் ஒருவர் அதனை அறியத் தலைப்பாகைக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அப்படியானால் கதையைத் தூக்கி எறிந்துவிடலாமா? அதுவும் தகாது. மலையைக் குடைந்தவர்களும் மண் சுமந்தவர்களும் புகையிரதச் சரித்திரத்தில் பெயரின்றிப் போனார்கள். அந்த மகத்தான வேலையில் தமக்கும் ஓர் இடம் உண்டென்று சொல்ல ஏழை மக்கள் வைத்துக்கொண்ட கதை இது. ஆகவே, “இவ்வாறு ஒரு கதை வழங்கி வருகிறது” என்று எழுதி, அடுத்த வரியில் ஆண்டுக் கணக்கையும் எழுதிவிட வேண்டும். கதை ஒன்றைச் சொல்கிறது. தஸ்தாவேஜு மற்றொன்றைச் சொல்கிறது. இரண்டும் வேறு வேறு உண்மைகள். வாசகர் இரண்டையும் அறிய உரியவர்.

இவ்வாரம் நாம் இதனைப் பேச எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஊவாத் தோட்டங்களின் சரித்திரம் இரு விதமாகவே பெரும்பாலும் எழுதப்பட்டு வருகிறது. ஒன்று, பண்டிதர்கள் பண்டிதர்களுக்கென்று எழுதுவது; அடிக்குறிப்புகள் மலிந்த அந்நூல்கள் லயத்துக் காம்பிராவை எட்டுவதில்லை. மற்றொன்று, கண்ணீரும் ஆவேசமுமாக எழுதுவது. அது எல்லோரையும் எட்டுகிறது. ஆனால், “இது எங்கே இருக்கிறது?” என்று எவரேனும் கேட்டால் பதிலின்றி நிற்கிறது. தெளிவும் ஆதாரமும் ஒருங்கே அமைந்த மூன்றாவது வகை எழுத்தே நமக்கு வேண்டியது.

ஆதாரம் என்றால் என்ன? அச்சில் வந்ததெல்லாம் ஆதாரமாகிவிடாது. பதுளையிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. நகரின் நடுவே நிற்கும் பரிசுத்த மாற்கு தேவாலயம் மேஜர் ரோஜர்ஸ் என்பவரின் ஞாபகார்த்தமாகக் கட்டப்பட்டது. அவர் பதுளையில் பிரித்தானிய அதிகாரியாக இருந்தவர். 1845-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டவர். அவர் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டுக் கொன்றார் என்று புத்தகத்துக்குப் புத்தகம் எழுதப்பட்டு வருகிறது.

இந்தத் தொகையைப் பிரசித்தமாக்கியவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். அவரது இலங்கை பற்றிய பெருநூல் 1859-ல் வெளிவந்தது. ஆனால் அவர் இத்தீவில் காலடி வைத்ததே ரோஜர்ஸ் இறந்த பின்னர்தான். ஆகவே அவர் எழுதியது பிறர் சொல்லக் கேட்டது. ரோஜர்ஸ் இருபது ஆண்டுகள் இடைவிடாது வேட்டையாடினார் என்றே வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு எழுபது யானை, அதாவது ஐந்து நாளைக்கு ஒன்று விழுந்திருக்க வேண்டும். நடந்திருக்க முடியாது என்று நாம் சொல்லவில்லை. “டெனன்ட் 1859-ல் இவ்வாறு எழுதினார்” என்று சொல்வதற்கும், “ரோஜர்ஸ் 1,400 யானைகளைக் கொன்றார்” என்று சொல்வதற்கும் உள்ள பேதத்தை மட்டுமே காட்டுகிறோம். முதலாவது வாக்கியத்தை எவரும் அசைக்க இயலாது. இரண்டாவது வாக்கியத்தை ஒரு கேள்வியே அசைத்துவிடும்.

யானைக் கணக்கில் பிழை நேர்ந்தால் பெரிய நஷ்டமில்லை. மனித உயிர்க் கணக்கில் அப்படிச் சொல்ல முடியுமா? கோப்பித் தோட்டங்களின் ஆரம்ப காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த தொழிலாளர் வழியிலும் தோட்டத்திலும் காலராவாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் மடிந்தனர். 1840-களில் மாத்திரம் 70,000 பேர் இறந்ததாகக் கொழும்பு ஒப்சேர்வர் பத்திரிகை 1849-ல் கணக்கிட்டது. வந்தவர் தொகையிலிருந்து திரும்பியவர் தொகையைக் கழித்துப் போட்ட கணக்கு அது. எண்ணப்படாமல் திரும்பியவர் எத்தனை பேர், தோட்டத்தை விட்டு வேறு தொழிலுக்குப் போனவர் எத்தனை பேர் என்று பிற்காலச் சரித்திர ஆசிரியர்கள் கேட்டுத் தர்க்கித்து வருகிறார்கள்.

சிலர் இந்த விவாதத்தைக் கேட்டதும் கோபம் கொள்வார்கள். “எங்கள் முன்னோரின் மரணத்தைக் குறைத்துச் சொல்கிறீர்களா?” என்பார்கள். குறைப்பதல்ல நம் நோக்கம். எழுபதினாயிரம் என்பதை மட்டும் எழுதினால், அதனை மறுக்க விரும்பும் ஒருவர் தொகையில் ஒரு பிழையைக் காட்டி, மரணங்களே மிகைக்கூற்று என்று சாதித்துவிடலாம். அத்தொகை எவ்வாறு கிடைத்தது என்பதையும் சேர்த்து எழுதினால், அவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அன்றியும், செத்தவர்களை எண்ணக்கூட ஒரு பதிவு இருக்கவில்லை, கழித்தல் கணக்குப் போட்டே அறிய வேண்டியிருந்தது என்னும் செய்தி, தொகையைக் காட்டிலும் கொடியதல்லவா? ஆதாரத்தை மறைக்காமல் சொல்வதால் துயரத்தின் கனம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

அடுத்து, காரண காரியங்களைப் பற்றிச் சொல்லுவோம். “1869-ல் இலை நோய் வந்தது, கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது” என்று பாடப் புத்தகங்கள் மூன்று வாக்கியத்தில் முடித்துவிடும். அந்த நோய் முதன்முதல் அறியப்பட்ட இடம் நம் ஊவாவைச் சேர்ந்த மடுல்சீமையில் உள்ள கல்லோலாத் தோட்டமே என்பது பலருக்குத் தெரியாது. கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடியாகப் படர்ந்த அந்தப் பூஞ்சணத்தைப் பேராதனைப் பூந்தோட்டத்தின் அதிபர் துவைற்ஸ் அவ்வாண்டிலேயே கவனத்துக்குக் கொண்டுவந்தார். ஆயினும் கோப்பி உடனே மாண்டுவிடவில்லை. உலகச் சந்தையில் விலை ஏறியதால் 1870-களில் தோட்டக்காரர் மேலும் மேலும் காடழித்து நட்டனர். விளைச்சல் குன்றுவதை விலை மறைத்தது. 1880-களில் விலையும் சரிந்தபோதுதான் எல்லாம் நிலைகுலைந்தன. 1884-ல் ஓரியண்டல் வங்கியே முறிந்தது. சேர் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகே தம்பத்தென்னைத் தோட்டத்தை வாங்கியது 1890-ல், அதாவது நோய் கண்டு இருபத்தோர் ஆண்டுகள் சென்ற பின்னர்.

இந்த இருபத்தோர் ஆண்டுகளை விழுங்கிவிட்டால் நம் மக்களின் கதையே விளங்காமல் போகும். கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் பெருந்தொகையான ஆட்கள் வேண்டும். பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் வந்து லயங்களில் நிலைத்தன. இங்கு வந்து போனவர்கள் இங்கேயே வாழ்பவர்களானதற்குக் காரணம் ஒரு செடியின் இயல்பு. இதனை விளக்கப் பெரிய சொற்கள் தேவையில்லை. சரியான ஒழுங்கில் சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

ஆதாரங்கள் யாருடைய கையால் எழுதப்பட்டவை என்பதையும் மறக்கலாகாது. 1817-ல் ஊவா வெல்லஸ்ஸையில் மூண்ட கிளர்ச்சியை ஆங்கிலேயர் 1818-ல் அடக்கினர். அப்போது அரசாங்க அறிவித்தலில் அக்கிளர்ச்சித் தலைவர்கள் துரோகிகள் என்று குறிக்கப்பட்டனர். அவ்வறிவித்தல் 2016-ல்தான் ரத்துச் செய்யப்பட்டு, அவர்கள் தேசிய வீரர்களெனப் பிரகடனம் செய்யப்பட்டனர். ஆட்சி செய்தவனின் ஒரு சொல் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஏட்டில் நிலைத்தது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் மற்றொன்றும் உண்டு. தோட்டங்கள் எழுமுன் ஊவா வெறுங்காடாகக் கிடந்தது என்று எழுதிவிடுதல் எளிது. ஆனால் 1840-ம் ஆண்டின் 12-ம் இலக்கச் சட்டம், உறுதி காட்ட இயலாத காட்டு நிலங்களையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியவை என்று கொள்ள வழி செய்தது. சேனைப் பயிரிட்ட சிங்களக் கிராமவாசியிடம் உறுதியேது? நிலத்தை இழந்தவனும், கடலைக் கடந்து வந்தவனும் ஒரே மலையின் இரு சரிவுகளில் துன்புற்றவர்களே. நம் சரித்திரம் தோட்ட எல்லைக் கல்லோடு நின்றுவிடுமாயின் அது பாதிச் சரித்திரமே.

தமிழில் உள்ள பழைய ஆதாரங்களையும் இவ்விதமே நோக்குதல் வேண்டும். இலை நோய் அறியப்பட்ட அதே 1869-ல் ஆபிரகாம் ஜோசப் என்பவர் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’யை வெளியிட்டார். அது தமிழ்; ஆனால் தோட்டத் துரைமாரின் பக்கம் நின்று பாடிய தமிழ். துரைமார் தமிழ் பேசப் பழகுவதற்கென்று ஏ. எம். பெர்கியூசன் தொகுத்த கைநூலின் பெயரே ‘இங்கே வா’ என்பது. அந்தப் பெயர் ஒன்றே ஓர் ஆதாரமல்லவா? கட்டளையிடுவதற்காகவே ஒரு மொழியைக் கற்றவர்களின் மனப்பாங்கு அதில் தெரிகிறது. பதுளை மண்ணைச் சேர்ந்த மு. நித்தியானந்தன் ‘கூலித் தமிழ்’ என்னும் தமது நூலில் இத்தகைய பழம் பிரசுரங்களைத் தேடியெடுத்து, அவற்றின் உள்ளக் கிடக்கையை வாசகருக்குக் காட்டியிருக்கிறார். ஆதாரத்தைக் கைவிடாமலே சுவையாக எழுதலாம் என்பதற்கு அது நல்ல சாட்சி.

ஒரே சம்பவத்தைப் பல கண்களால் காண வேண்டிய இடமும் உண்டு. 1940-ம் ஆண்டு மே மாதத்தில் பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸத் தோட்டத்தில் பெரும் வேலைநிறுத்தம் நடைபெற்றது. தொழிலாளர் தாமே ஒரு சபையைத் தெரிந்தெடுத்தனர் என்றும், தம்மை அடக்க வந்த பொலிஸாரின் ஆயுதங்களைக் களைந்தனர் என்றும் அதனை முன்னின்று நடத்திய லங்கா சமசமாஜக் கட்சியினரின் சரித்திரம் கூறுகிறது. பொலிஸ் அறிக்கையும் துரைமார் சங்கக் குறிப்பும் அதே நாளை வேறு விதமாகவே காணும். பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டி சொன்ன கதை மூன்றாவதாக இருக்கும். இவற்றுள் ஒன்றைத் தெரிந்து மற்றவற்றை மறைப்பவன் வழக்கறிஞன். எல்லாவற்றையும் அருகருகே வைத்து, எவை ஒத்துப் போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று காட்டுபவனே சரித்திரக்காரன்.

இந்தப் பிரயாசை நமக்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்கக் கண்டத்திலும் இதே சிக்கல் இருந்தது. கொங்கோ நாட்டில் பெல்ஜிய மன்னர் லியோபோல்ட் நடத்திய கொடுமையை வெளிக்கொணர்ந்தவர்களில் ஒருவரான மோரெல், ஒரு கப்பற் கம்பெனியின் குமாஸ்தா. கொங்கோவிலிருந்து வந்த கப்பல்களில் ரப்பரும் தந்தமும் நிறைந்திருந்தன. திரும்பிச் சென்றவற்றிலோ வியாபாரச் சரக்கு சொற்பம், துப்பாக்கியும் தோட்டாவுமே மிகுதி. விலை கொடாமல் இவ்வளவு பொருள் வருமானால் அங்கே அடிமை வேலைதான் நடக்க வேண்டும் என்று அவர் கப்பற் கணக்கிலிருந்தே கண்டுகொண்டார். எழுத்தில்லாத சமூகங்களின் வாய்மொழி மரபையும் முறைப்படி சோதித்தால் ஆதாரமாகக் கொள்ளலாம் என்று ஜான் வான்சினா 1961-ல் எழுதிய நூலில் வாதித்தார். நைஜீரியாவின் ஒனுக்கா டைக்கேயோ, சரித்திரம் எழுதியதோடு நில்லாமல் தம் நாட்டின் சுவடிக் கூடத்தையும் தோற்றுவித்தார். கணக்கேடு, வாய்மொழி, சுவடிக் கூடம் ஆகிய இம்மூன்றும் நமக்கும் வேண்டியவையே.

இனி, எழுதும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள். பழைய தோட்டச் சொற்களை விளக்காமல் விடலாகாது. பெரட்டு, செக்ரோல், பெரிய கங்காணி என்றால் நமக்குப் புரியும். கொழும்பில் வளரும் நம் பேரனுக்குப் புரியாது. ‘துண்டு முறை’ என்று மட்டும் எழுதினால் போதாது. கங்காணிக்கும் அவர் ஆட்களுக்கும் உள்ள கடனை ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். மற்றொரு தோட்டம் அக்கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தீராமல் ஆட்களோடு கூடவே நடந்து போகும். அம்முறை 1921-ல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நான்கு வரியில் சொல்லக்கூடிய இதனைச் சொல்லாமல் விட்டால், வாசகர் அந்தப் பக்கத்தையே தாண்டிப் போவார்.

எண்களையும் தனியே விடலாகாது. 1927-ம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்கீழ், 1929-ல் உயர்ந்த மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், பிள்ளைக்கு 32 சதமும் நிர்ணயிக்கப்பட்டன. அந்தக் கூலி, தோட்டம் கொடுக்கும் அரிசியின் விலையோடு இணைத்தே விதிக்கப்பட்டது. அரிசியைச் சொல்லாமல் சதத்தை மட்டும் சொன்னால் அடுப்பின் நிலை தெரியாது. பிள்ளைக்கும் கூலி விதிக்கப்பட்டது என்பதிலிருந்து, அன்று பள்ளிக்கூட வயதில் கூடை சுமந்தவர்கள் எத்தனை பேர் என்று வாசகர் தாமே எண்ணிக்கொள்வார். ஒப்பாரி வைக்கத் தேவையில்லை, எண்ணே பேசும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். காகிதமே வாழ்வையும் தாழ்வையும் நிர்ணயித்த ஒரு ஜனசமூகம் நாம் என்பதே பதில். 1947-ல் பதுளையிலிருந்து எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949-ம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், இத்தனை ஆண்டுகள் இடைவிடாது இங்கு வசித்தோம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத தாய் எதைக் காட்டுவாள்? செக்ரோலில் பெயர் இருக்க வேண்டும். பிறப்புப் பதிவு இருக்க வேண்டும். பதிவில் உள்ள பெயரும் வாயில் வழங்கும் பெயரும் ஒத்திருக்க வேண்டும். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக மனுக்கள் போயின. ஏறக்குறைய 1,34,000 பேருக்கே அச்சட்டத்தின்கீழ் உரிமை கிட்டியது. பின்னர் 1964-ல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரில் பெரும்பாலோரின் கதியை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எஞ்சிய நாடற்றோரின் பிரச்சினைக்கு முடிவு காண 2003-ம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது. ஒரு சீட்டு இல்லாமையால் மண்டபம் முகாம் வழியே ஊரறியாத ஊருக்குப் போன குடும்பங்களை நம்மில் அறியாதவர் யார்? அத்தகைய மக்களின் சரித்திரத்தை ஆதாரமின்றி எழுதுவது, அன்று காகிதமில்லாமல் கச்சேரி வாசலில் நின்ற நிலைக்கு அவர்களை மறுபடியும் ஆளாக்குவதாகும்.

ஆதாரங்களும் நாளுக்கு நாள் அருகி வருகின்றன. 2014-ம் ஆண்டு ஒக்டோபரில் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. மாண்டவர்களோடு, அவ்வீடுகளின் தகரப் பெட்டிகளில் இருந்த கடிதமும் படமும் பழஞ்சீட்டும் மண்ணுக்குள் போயின. மழையும் கறையானும் மற்ற இடங்களில் அதே வேலையை ஓசையின்றிச் செய்து வருகின்றன.

ஆகவே நேயர்களுக்கு நமது வேண்டுகோள் இதுதான். வீட்டிலுள்ள பழைய காகிதம் எதையும் எரிக்காதீர்கள். படம் பிடித்து, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று ஒரு வரி எழுதி வையுங்கள். முதியவர் சொல்லும் கதையை அவர் சொன்னபடியே எழுதுங்கள். சொன்னவர் யார், அவர் தாமே கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா என்பதையும் குறியுங்கள். ஆசிரியர்கள், மாணவர்களுக்கு ஒரு கட்டுரைக்குப் பதிலாக, தம் லயத்தில் வாழும் ஒரு மூத்தவரின் பிறந்த தோட்டம், பெற்றோர் பெயர், இடம் மாறிய ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். கோயில் நிருவாகத்தாரிடம் திருவிழாக் கணக்குப் புத்தகம் இருக்கும். அதில் எந்தக் கங்காணி எவ்வளவு கொடுத்தார் என்பதிலிருந்து ஒரு தோட்டத்தின் ஏற்றத் தாழ்வே புலப்படும்.

ஊவாவின் சரித்திரத்தை யாரோ ஒரு பேரறிஞர் வந்து எழுதித் தருவார் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அவர் வரும்போது அவருக்குக் கொடுக்க நம்மிடம் ஏதேனும் இருக்க வேண்டும். அதனைச் சேர்த்து வைக்கும் கடமை நம்முடையது. இந்த வாரமே தொடங்கலாம்.